நிழல் போக்குவரத்து அமைச்சருக்கு எழுதிய அனுபவம் யாருக்காவது உண்டா?

இங்கிலாந்தில் வசிக்கும் நண்பர்களிடம் ஓர் உதவி. எங்கள் ஊரில் மாலை ஏழு மணிக்குப் பிறகு ஓடிய பஸ்களை நிறுத்திவிட்டார்கள். முதியோர் இல்லத்துக்கு இரவுப் பணிக்குப் போகும் பெண்கள், நடைபாதை இல்லாத சாலையோரம் கைபேசி வெளிச்சத்தில் நடக்கிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை.

கவுன்சிலுக்கு மனு கொடுத்தாயிற்று. அடுத்து நிழல் போக்குவரத்து அமைச்சருக்கு, அதாவது அரசின் போக்குவரத்து அமைச்சரைக் கண்காணித்துக் கேள்வி கேட்க எதிர்க்கட்சி நியமித்திருப்பவருக்கு, எழுத நினைக்கிறோம். அவர் கையில் துறையும் இல்லை, நிதியும் இல்லை. அந்தப் பொறுப்புக்குத் தனிச் சம்பளம்கூடக் கிடையாது. ஆனால், நாடாளுமன்றக் கேள்வி நேரத்தில் அமைச்சருக்கு நேர் எதிரே நின்று பதில் கேட்பவர் அவர்தான். லேசான பதவி என்று நான் நினைக்கவில்லை. 2021 முதல் அதை வகித்த லூயிஸ் ஹெய்க், 2024 ஜூலையில் தொழிற்கட்சி வென்றதும் போக்குவரத்து அமைச்சரானார். எதிர்க்கட்சியாக இருந்தபோது முன்வைத்த ரயில் அரசுடைமைத் திட்டம் அந்த நவம்பரிலேயே சட்டமானது.

சிக்கல் என்னவென்றால், எம்.பி.க்கள் தங்கள் தொகுதி மக்களின் குறைகளையே கவனிப்பது இங்குள்ள மரபு. வெளித் தொகுதிக் கடிதம் நம் எம்.பி.யிடமே திரும்பி வரக்கூடும். நிழல் அமைச்சரிடம் பதில் பெற்றவர்கள் நேரடியாக எழுதினீர்களா, எம்.பி. மூலமாகவா? லிபரல் டெமாக்ரட் கட்சியின் போக்குவரத்துப் பேச்சாளருக்கும் எழுதிப் பயன் உண்டா? கடித மாதிரி இருந்தால் தயவுசெய்து பகிருங்கள்.