மார்ஷல் ஃபாக்கை ஏன் இவ்வளவு தூக்கிப் பேசுகிறார்கள்?

மூணாவது_டவுன் கேட்டது:

அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் நான் வந்ததே கிறிஸ்டியன் மெக்காஃப்ரி என்கிற ரன்னிங் பேக்கால்தான் (பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவதுதான் அவர் வேலை). 2019-ல் கரோலைனா அணிக்கு ஆடியபோது ஓடி எடுத்தது 1,387 யார்டு, பந்தைப் பிடித்து எடுத்தது 1,005 யார்டு. ஒரே சீசனில் இரண்டிலும் ஆயிரத்தைத் தாண்டியவர்கள் அவருக்கு முன்னால் இரண்டே பேர், 1985-ல் ரோஜர் கிரெய்க், 1999-ல் மார்ஷல் ஃபாக். சரி, யார் இந்த ஃபாக் என்று தேடப் போனால், பழைய ரசிகர்கள் அவரைப் பற்றிப் பேசுகிற விதமே வேறாக இருக்கிறது.

ஆனால் கணக்கைப் பார்த்தால் எனக்கு அந்த அளவுக்குப் புரியவில்லை. ரன்னிங் பேக்குகளில் எம்மிட் ஸ்மித் மொத்தம் 18,355 யார்டு ஓடியிருக்கிறார், வால்டர் பேட்டன் 16,726, பேரி சாண்டர்ஸ் 15,269. ஃபாக் 12,279-தான். ஓட்டத்தில் ஒரு சீசனில்கூட 1,400-ஐத் தொடவில்லை, என்எஃப்எல் லீக்கில் முதலிடமும் பிடித்ததில்லை. ஹைலைட்ஸ் போட்டுப் பார்த்தேன், நன்றாகத்தான் ஆடுகிறார், ஆனால் சாண்டர்ஸைப் பார்த்தால் வருகிற அந்த வியப்பு வரவில்லை. செயின்ட் லூயிஸ் ராம்ஸில் பந்தை எறிகிற குவாட்டர்பேக் கர்ட் வார்னர், அதைப் பிடிக்கிற ரிசீவர்கள் ஐசக் புரூஸ், டாரி ஹோல்ட் எல்லாம் சுற்றி இருந்ததால் கிடைத்த பெயரா இது? அந்தக் காலத்தில் ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நிக்கல்_டிஃபென்ஸ் எழுதியது:

ஹைலைட்ஸில் ஃபாக்கைப் பிடிக்க முடியாது நண்பா. அவர் செய்ததில் பாதி, பந்து ஸ்நாப் ஆகி பிளே (ஒரு தடவை பந்தை நகர்த்தும் முயற்சி) தொடங்குவதற்கு முன்னாலேயே முடிந்துவிடும், மீதியில் பாதி பந்து அவர் கைக்கு வராத பிளேக்களில் நடக்கும். அதை எவனும் வெட்டி ஒட்டி வீடியோவாகப் போட மாட்டான்.

எதிரணி கோச் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். ராம்ஸ் அணி புரூஸ், ஹோல்ட், ஹக்கீம் என்று மூன்று ரிசீவர்களோடு உள்ளே வருகிறது, பின்னால் ஃபாக். மூன்று ரிசீவர் என்றால் நீங்கள் ஒரு லைன்பேக்கரை (நடுவில் நிற்கிற கனமான தடுப்பாட்டக்காரர்) வெளியே எடுத்துவிட்டு இன்னொரு கார்னர்பேக்கை (ரிசீவரைத் துரத்துகிற லேசான ஆள்) உள்ளே அனுப்புவீர்கள். அனுப்பினால், நடுவில் ஆள் எடை குறைந்துவிட்டது, பந்தை ஃபாக்கிடம் கொடுத்து முன்னால் ஆளைத் தடுத்து வழிவிடுகிற ஆர்லாண்டோ பேஸ் பின்னால் ஓடவிடுவார்கள். 1999-ல் ஓட்டத்துக்கு 5.5 யார்டு, அடுத்த இரண்டு வருஷமும் ஐந்துக்கு மேல். அதற்குப் பயந்து லைன்பேக்கரை உள்ளேயே வைத்தால், அதே ஃபாக் வெளியே போய் ரிசீவர் இடத்தில் நிற்பார், உங்கள் 110 கிலோ லைன்பேக்கர் தனியாக அவரைத் துரத்த வேண்டும். மற்ற ரன்னிங் பேக்குகளுக்கு எறிவது பெரும்பாலும் பக்கத்திலேயே எறிகிற ஸ்க்ரீன் பாஸ்தான், இவர் ஓடியதோ ரிசீவர் பந்து பிடிக்க ஓடுகிற பாதை, அதாவது ரூட். லைன்பேக்கர் எந்தப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் திரும்புகிற ரூட்டை அவருக்குக் கொடுத்திருந்தார்கள். அதில் அவரைத் தனி ஆளாக வைத்து நிறுத்தியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். பிளிட்ஸ் வந்தால் (வழக்கத்தைவிட அதிகம் பேர் குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தால்) யார் யாரைத் தடுக்க வேண்டும் என்பது அவருக்கு அத்துப்படி. தன் வேலை மட்டும் இல்லை, முன்வரிசையான லைனில் இருக்கிற ஐந்து பேர் வேலையும், ரிசீவர்கள் வேலையும். அதனால்தான் மூன்று டவுனிலும் (பத்து யார்டு நகரக் கிடைக்கிற ஒவ்வொரு வாய்ப்பும் ஒரு டவுன்) அவரை வெளியே எடுக்கத் தேவை இல்லாமல் இருந்தது. அந்தக் காலத்தில் நிறைய அணிகள் மூன்றாவது டவுன் வந்தால் ஓடுகிற ஆளை உட்கார வைத்துவிட்டுப் பிடிக்கிற ஆளை அனுப்பும். அப்படி ஆள் மாறினாலே எதிரணிக்கு இது பாஸ் என்று தெரிந்துவிடும். ஃபாக் நின்றால் எதுவுமே தெரியாது.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், என் கணிப்பு, அவர் பள்ளியில் தடுப்பாட்டமும் ஆடியவர். நியூ ஆர்லியன்ஸில் டிசையர் என்கிற ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த பையன், சூப்பர்டோம் மைதானத்தில் பாப்கார்ன் விற்றிருக்கிறார். கார்வர் உயர்நிலைப் பள்ளியில் ஆடும்போது பெரிய பெரிய கல்லூரிகள் எல்லாம் அவரைக் கார்னர்பேக்காகத்தான் கேட்டன. ரன்னிங் பேக்காக ஆடவிடுகிறோம் என்று சொன்னதால் சான் டியாகோ ஸ்டேட் போனார். 1991-ல் பசிஃபிக் அணிக்கு எதிராக, கல்லூரியில் அவருக்கு அது இரண்டாவது ஆட்டம், 37 முறை ஓடி 386 யார்டு, 7 டச்டவுன் (பந்தோடு கோல் லைனைத் தாண்டி எடுக்கிற ஆறு புள்ளி). பதினெட்டு வயசு. ஒரே ஆட்டத்தில் அத்தனை யார்டு ஓடியது அப்போது கல்லூரி அளவில் சாதனை.

ஓட்டத்தின் மொத்தத்தை மட்டும் வைத்து அவரை எடை போட்டால் பாதி ஆளைத்தான் எடை போடுகிறீர்கள். பிடித்த பந்து 767, அதில் 6,875 யார்டு. மொத்த டச்டவுன் 136, அதில் நூறு ஓடி எடுத்தது. 12,000 ஓடி, 6,000 பிடித்தும் எடுத்த முதல் ஆள் அவர்தான்.

குதிரை_லாடம் எழுதியது:

நான் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் ரசிகன், ஃபாக் எங்கள் ஆள்தான் முதலில். 1994 டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கிற தேர்வு) இரண்டாவது ஆளாக எடுத்தோம், முதல் வருஷமே 1,282 யார்டு, புதியவர்களில் சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருது, நட்சத்திர ஆட்டக்காரர்கள் ஆடுகிற புரோ பௌலுக்குப் போய் அங்கேயும் சிறந்த ஆட்டக்காரர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நிக்கல் சொல்வதில் ஒரு பக்கம் விட்டுப்போகிறது.

1999-ல் சம்பள ஒப்பந்தப் பிரச்சினை வந்தது, எங்கள் அணி நிர்வாகி பில் போலியன் அவரை ராம்ஸுக்கு அனுப்பிவிட்டார். பதிலுக்கு வாங்கியது என்ன தெரியுமா, டிராஃப்டில் ஒரு இரண்டாம் சுற்றுத் தேர்வு, ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வு. அவ்வளவுதான். எல்லாரும் திட்டினார்கள். அப்புறம் டிராஃப்டில் நாலாவது ஆளாக எட்ஜரின் ஜேம்ஸை எடுத்தோம். ஜேம்ஸ் அந்த வருஷமே 1,553 யார்டு ஓடி லீக்கில் முதலிடம், அடுத்த வருஷம் 1,709, மறுபடியும் முதலிடம். ஃபாக் இருந்த 1998-ல் நாங்கள் 3-13, அதாவது மூன்று வெற்றி, பதிமூன்று தோல்வி. அவர் போன மறு வருஷம் 13-3!

அப்படியானால் ஒரு ரன்னிங் பேக்கால் எவ்வளவு மாறும்? 1996-ல் ஃபாக் எங்களிடம் இருந்தபோது கால் விரல் காயத்தோடு ஓடினார், 587 யார்டு, ஓட்டத்துக்கு 3 யார்டு. ஆள் அதே ஆள்தான். லைனும், குவாட்டர்பேக்கும், கோச்சும் அமைந்தால்தான் ரன்னிங் பேக் பெரிய ஆள் ஆகிறார். செயின்ட் லூயிஸில் மைக் மார்ட்ஸ் தாக்குதல் திட்டம் போட்டார், உள்ளரங்கத்தில் வேகமான தரை, சுற்றி அத்தனை பேர். மூணாவது_டவுன் கேட்ட சந்தேகம் நியாயமானதுதான் என்பேன்.

நிக்கல்_டிஃபென்ஸ் எழுதியது:

லாடம், 13-3 ஆனதற்கு ஜேம்ஸ் காரணம், மறுக்கவில்லை, அவரும் ஓட்டம், கேட்ச், பிளாக் மூன்றும் தெரிந்தவர். ஆனால் அதே வருஷம் உங்கள் குவாட்டர்பேக் பேட்டன் மேனிங்குக்கு இரண்டாவது சீசன். அதை விட்டுவிட்டுச் சொல்ல முடியுமா? அந்த 3-13 வருஷத்தைக் கொஞ்சம் திரும்பிப் பாருங்கள். புதுசாக வந்த மேனிங் 28 முறை எதிரணியிடம் பந்தைப் பறிகொடுத்த வருஷம் அது. அந்த அணியில்தான் ஃபாக் 1,319 ஓடி, 86 பந்து பிடித்து 908 யார்டு, மொத்தம் 2,227 யார்டு எடுத்து லீக்கிலேயே முதலிடம். மார்ட்ஸும் இல்லை, வார்னரும் இல்லை, ஹோல்ட் அப்போது கல்லூரியில். ராம்ஸ்தான் அவரை உருவாக்கியது என்றால் இந்த 1998 எங்கே போகும்?

ராம்ஸ் பக்கமும் பார்க்க வேண்டும். 1998-ல் அவர்கள் 4-12. 1999 சீசன் தொடங்கும் முன்னால் அவர்கள் குவாட்டர்பேக் டிரென்ட் கிரீன் முழங்கால் போய் வெளியேறினார். உள்ளே வந்த வார்னர் அதுவரை இந்த லீக்கில் ஒரு ஆட்டத்தைக்கூடத் தொடங்கியதில்லை. அந்த ஆளை வைத்து 13-3 வந்து இறுதி ஆட்டமான சூப்பர் பௌலையும் வென்றார்கள். வார்னர் பெரிய ஆட்டக்காரர்தான், சந்தேகமே இல்லை, ஆனால் பிளிட்ஸ் வரும்போது பின்னால் ஃபாக் நிற்கிறார் என்பது ஒரு புதிய குவாட்டர்பேக்குக்கு எத்தனை பெரிய தெம்பு. அந்த வருஷம் ஃபாக் எடுத்தது 1,381 ஓட்டத்தில், 1,048 கேட்ச்சில், மொத்தம் 2,429. ஒரு சீசனின் மொத்த யார்டில் அதுதான் சாதனையாக இருந்தது, பத்து வருஷம் கழித்து 2009-ல் கிறிஸ் ஜான்சன் 2,509 எடுத்து முறியடித்தார்.

இத்தனைக்கும் 1999 சீசனின் சூப்பர் பௌலில் டென்னசி அவரை ஓடவே விடவில்லை, 10 ஓட்டத்தில் 17 யார்டு. சாதாரண ரன்னிங் பேக்குக்கு அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது. இவர் ஐந்து பந்து பிடித்து 90 யார்டு எடுத்தார். ராம்ஸ் 23-16. அந்த ஆட்டத்தை எல்லாரும் கடைசி நொடியில் ராம்ஸின் மைக் ஜோன்ஸ், டச்டவுனுக்கு ஒரு யார்டு பாக்கி இருக்கும்போது டென்னசியின் கெவின் டைசனைப் பிடித்து நிறுத்தியதற்காகத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள், அதுவும் சரிதான்.

பழைய_டேப் எழுதியது:

இரண்டு பேரும் சொன்னதைப் படித்தேன். ஃபாக் யார் என்பதற்கு எனக்குப் பெரிய சாட்சி அவர் தோற்ற ஆட்டம்தான்.

2001 சீசனில் ராம்ஸ் 14-2, சூப்பர் பௌலில் நியூ இங்கிலாந்து எதிரணி, ராம்ஸ் 14 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று சூதாட்டக்காரர்கள் கணித்திருந்தார்கள். அந்த சீசன் நவம்பரில் இரண்டு அணியும் மோதியபோது நியூ இங்கிலாந்து கோச் பில் பெலிசிக் வார்னரை நோக்கி பிளிட்ஸ் மேல் பிளிட்ஸாக அனுப்பிப் பார்த்தார், 24-17 தோற்றார். சூப்பர் பௌலுக்குத் திட்டத்தையே மாற்றினார். வார்னரை விடு, ஃபாக்கைப் பிடி. பந்து அவரிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் ரூட் ஓடக் கிளம்பும்போதே யாராவது ஒருவர் இடிக்க வேண்டும், ஒவ்வொரு பிளேயிலும். அந்த ராம்ஸ் தாக்குதலில் எல்லாமே நேரக்கணக்கு, ஃபாக் ஒரு நொடி தாமதமானால் வார்னர் பார்க்க வேண்டிய வரிசை கலைந்துவிடும். புரூஸ், ஹோல்ட், அந்த வருஷம் லீக் முழுதுக்கும் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய வார்னர், இத்தனை பேர் இருக்கும் அணியில் இந்த லீக்கின் மிகப் பெரிய தடுப்பாட்டக் கோச் முதலில் குறிவைத்தது ரன்னிங் பேக்கை. மூணாவது_டவுன், உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான பதில் எனக்குத் தெரியவில்லை.

திட்டம் எந்த அளவுக்குப் போனது என்றால், நாலாவது குவாட்டரில் வார்னர் கோல் லைன் பக்கத்தில் பந்தைத் தவறவிட, நியூ இங்கிலாந்தின் டெபக்கி ஜோன்ஸ் அதை எடுத்து 97 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். 24-3 ஆகியிருக்க வேண்டியது. ஆனால் அந்த பிளேயில் அதே அணியின் வில்லி மெகினெஸ்ட் ஃபாக்கைக் கட்டிப் பிடித்து நிறுத்தியிருந்தார், விதிமீறல் என்று நடுவரின் கொடி விழுந்தது, டச்டவுன் ரத்து. ராம்ஸ் அங்கிருந்துதான் 17-17 வரை வந்தது. கடைசியில் நியூ இங்கிலாந்தின் வினட்டியேரி 48 யார்டிலிருந்து உதைத்து 20-17.

எனக்கு இன்றும் ஆறாத கோபம் மார்ட்ஸ் மேல். நியூ இங்கிலாந்து அன்று பெரும்பாலும் ஐந்து, ஆறு டிஃபென்சிவ் பேக்குகளை (கார்னர்பேக் மாதிரி லேசான தடுப்பாட்டக்காரர்கள்) வைத்து ஆடியது. நிக்கல் மேலே சொன்ன அதே கணக்கு, அவ்வளவு லேசான ஆட்களை எதிரே வைத்துக்கொண்டு ஃபாக்கிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட வேண்டாமா? 17 ஓட்டம்தான், அதில் 76 யார்டு, அதாவது ஓட்டத்துக்கு நாலரை. வார்னரோ 44 முறை எறிந்தார். அதுவும் அந்த ஆட்டம் நடந்தது எங்கே, நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், அவர் பாப்கார்ன் விற்ற இடத்தில்.

மூணாவது_டவுன் எழுதியது:

இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன், நன்றி. பந்து இல்லாத நேரத்தில் அவரைப் பார்க்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. லாடம் சொன்ன எட்ஜரின் ஜேம்ஸ் கதையும் எனக்குத் தெரியாது, அதையும் படிக்கிறேன். முழு ஆட்டமாக ஒன்று பார்க்கலாம் என்றால் எதைப் பார்ப்பது? சூப்பர் பௌல் இரண்டையும் விட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

குதிரை_லாடம் எழுதியது:

இதற்கு நானே சொல்கிறேன், நிக்கல் கோபித்துக்கொள்ள வேண்டாம். 2000 டிசம்பர் 24, நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிரான ஆட்டம், அதே சூப்பர்டோம். அவர் நடு சீசனில் முழங்கால் அறுவை சிகிச்சை செய்து இரண்டு ஆட்டம் இழந்து திரும்பி வந்திருந்தார். பிளே ஆஃப் போக வேண்டும் என்றால் ராம்ஸ் ஜெயித்தே ஆக வேண்டும். 220 யார்டு ஓடினார், மூன்று டச்டவுன், ராம்ஸ் 26-21. அந்த சீசனில் அவர் போட்ட டச்டவுன் மொத்தம் 26, ஒரு சீசனுக்கான சாதனையாக இருந்த எம்மிட் ஸ்மித்தின் 25-ஐத் தாண்டியது அன்றுதான், அதுவும் 14 ஆட்டத்தில். லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே.

அணிதான் ஆளை உருவாக்குகிறது என்ற என் வாதத்தை நான் முழுசாக விட்டுவிடவில்லை, ஆனால் அந்த ஆட்டத்தை வைத்து மட்டும் என்னால் அதைப் பேச முடியாது.

பழைய_டேப் எழுதியது:

லாடம் சொன்னதைப் பாருங்கள். முதல் தடவை ஸ்கோருக்காகப் பாருங்கள், இரண்டாவது தடவை ஃபாக்கின் 28-ம் நம்பரை மட்டும் பாருங்கள், குறிப்பாக வார்னர் எறிகிற பிளேக்களில். அப்புறம் மெக்காஃப்ரியின் 2023 சீசனிலிருந்து ஒரு ஆட்டத்தை எடுத்து அதே மாதிரி பார்த்துவிட்டு, இருவரில் யார் பிளிட்ஸை நன்றாகத் தடுக்கிறார் என்று இங்கே வந்து எழுதுங்கள், அதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்கிறது, உங்களுடையதைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.