"எங்க தாத்தா நட்ட முதல் கொடி": கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டங்களில் நீங்கள் கேட்ட கதைகள்

மலைச்சாரல்:
சுருளி அருவிக்குப் போகிற வழியில் இறங்கிப் பன்னீர் திராட்சை வாங்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். அதனால் பந்தல், கொத்து என்று வர்ணிக்கவில்லை. போன மாதம் நாங்களும் நின்றோம். தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கும். பழத்தைக் கையில் கொடுத்துவிட்டுக் கதையை ஆரம்பித்தார். அவருடைய தாத்தா ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார் பங்களாவில் வேலை பார்த்தாராம். ஊருக்குக் கிளம்பும்போது மூன்று குச்சிகளை ஈரச்சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாராம். இரண்டு பட்டுப்போய் ஒன்று மட்டும் துளிர்த்ததாம். "அந்த ஒத்தக் குச்சிதான் தம்பி இந்த மூணு ஏக்கர்" என்று பக்கத்தில் இருந்த கல்தூணைத் தட்டினார். எனக்குப் புல்லரித்துவிட்டது. மூன்று கிலோ வாங்கப் போனவன் ஆறு கிலோ வாங்கினேன்.

திரும்பி வரும்போது இன்னொரு தோட்டத்தில் ஜூஸ் குடிக்க நிறுத்தினோம். வேறு ஊர், வேறு குடும்பம். அங்கே இருந்த பையனும் ஆரம்பித்தான்: தாத்தா, பாதிரியார், ஈரச்சாக்கு. குச்சி மட்டும் ஐந்து. அவன் சொல்லச் சொல்ல என் மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இன்றுவரை அந்த ஆறு கிலோவைச் சொல்லிக் காட்டுகிறாள். இதில் யாருடைய தாத்தா உண்மை?

பந்தலடி:
இரண்டு தாத்தாவும் உண்மையாக இருக்கலாம். பன்னீரை யாரும் கொட்டை போட்டு வளர்ப்பதில்லை. கவாத்தில், அதாவது கொடியைக் கழிக்கும்போது, வெட்டிய குச்சியைப் பதியன் வைத்துத்தான் வளர்க்கிறோம். ஒருவர் தோட்டத்தில் கவாத்து என்றால் பக்கத்து ஊரிலிருந்து குச்சி கேட்டு ஆள் வரும். எல்லாத் தோட்டமும் ஏதோ ஒரு கொடியின் துண்டுதான். பாதிரியார் விஷயம் வேறு. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது அது பேப்பரிலும் வந்தது. அன்றிலிருந்து எல்லார் தாத்தாவும் பாதிரியார் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள்! எங்கள் தாத்தாவுக்குக் குச்சி கொடுத்தது அவருடைய பங்காளி. அதையும் சும்மா கொடுக்கவில்லை.

என்னை உறுத்துவது வேறு. 2009 ஐப்பசி. பழம் நிறம் ஏறிவிட்டது, வானம் இருட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த நேரத்தில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும் என்பது தெரிந்ததுதானே. கேரளாவுக்கு ஏற்றும் வியாபாரி வண்டியோடு வந்து நிற்கிறார். அப்பா நான்கு நாள் முன்புதான் மருந்து அடித்திருந்தார். "இன்னும் ஆறு நாள் கழியட்டும்" என்றார். "கழுவித்தானேய்யா திங்கப்போறாங்க" என்றார் வியாபாரி. அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு கொத்தைக் கிள்ளி நீட்டினார். "பேரனுக்குக் கொண்டுபோங்க." வியாபாரியின் கை எழும்பவே இல்லை. வண்டி வெறுமனே போயிற்று.

அன்று ராத்திரி மழை. காலையில் பந்தலுக்குள் போனால் மூக்கில் இனிப்பு வாடை, காதில் தேனீச் சத்தம். அப்பா செய்தது சரி என்று அன்றைக்கும் தெரியும். ஆனால் என் காலேஜ் ஃபீஸ் அந்தப் பந்தலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூலைத்தூண்:
தாத்தா, அப்பா என்றே எழுதுகிறீர்கள். எங்கள் அப்பத்தா என்னைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போய்த் தூண் தூணாகக் காட்டும். "இது என் வளையலு. அந்த வரிசை பூரா காசுமாலை. நாலு மூலைக்கும் என் தோடு." பந்தலுக்குச் செலவே கல்லும் கம்பியும்தானே. கம்பியின் இழுவை முழுவதையும் தாங்குவது மூலைத்தூண்தான், அது சாய்ந்தால் பந்தலே சாய்ந்துவிடும். அப்பத்தா கடைசிவரை மூளிக்காதோடுதான் இருந்தது.

இப்போது ரோட்டுப் பக்கம் என் அண்ணன் மகன் போர்டு வைத்திருக்கிறான். "மூன்று தலைமுறை, உழைப்பு, நேர்மை." மாலை போட்ட தாத்தா படம். அப்பத்தாவையும் போடச் சொன்னேன். "டிசைன்ல இடம் இல்ல அத்தை" என்றான். ஒரு பக்கத்தில் இவ்வளவு பெரிய திராட்சைக் கொத்துப் படம் வைக்க மட்டும் இடம் இருந்திருக்கிறது.

விதையில்லாதவன்:
பன்னீரில் கொட்டையைத் துப்பியே வாய் வலிக்கிறது. ஓடைப்பட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். கதை எதுவும் கிடையாது, கொட்டையும் கிடையாது.

உரக்கடை:
என் அனுபவம் சின்னது. நான் கடை வைத்திருந்தபோது ஒரு பெரியவர் பந்தல் போட்ட வருடம் கடனுக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கினார், முதல் பழ வெட்டில் தீர்த்துவிட்டார். அவ்வளவுதான்.

பந்தலடி தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பன்னீர் கவாத்திலிருந்து வெட்டுக்கு வர ஏறக்குறைய 120 நாள். ஐப்பசியில் பழம் என்றால் ஆனியில் கவாத்து செய்திருக்கிறீர்கள். கணக்கு அங்கேயே தவறிவிட்டது. இன்னொன்று, கடைசி நேரத்தில் மருந்தடிக்கும் நிலைமையே வரக்கூடாது. கவாத்து முடிந்த கையோடு போர்டோ கலவை என்கிற பூஞ்சாண மருந்தை அடித்துவிட வேண்டும். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்பு வாளி ஆகாது, பிளாஸ்டிக் டிரம் போதும். கலந்தபின் அரிவாளை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு பற்றவில்லை என்று அர்த்தம். அது படிவது நிற்கும் வரை சுண்ணாம்பு சேருங்கள். அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்கே அடிக்க வேண்டும். இதுவே பிரான்ஸில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், ரோட்டில் போகிறவர்கள் பறித்துத் தின்னாமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்து வைத்ததுதான். தெளித்த கொடியில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்று மில்லார்டே என்பவர் கவனித்து 1885இல் எழுதினார். சந்தேகம் இருந்தால் ஆனைமலையன்பட்டி ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள்.

பந்தலடி:
ஐயா, 2009இல் செய்த கவாத்தை இப்போது எப்படித் தள்ளிப்போடுவது? அப்பா போய்ப் பதினோரு வருடம் ஆகிறது.

மலைச்சாரல்:
எல்லாவற்றையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். மூலைத்தூண் எழுதியதை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள். "அந்த ஆள் தட்டுன தூணு யாரோட நகைன்னு கேட்டீங்களா?" என்றாள். கேட்கவில்லை. இன்னொன்றையும் கண்டிப்பாக எழுதச் சொன்னாள்: ஐந்து குச்சித் தோட்டத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு.