இரட்டைச் சடை போட்டால் பேன் பரவாதா?

செங்காந்தள்:
பள்ளி விதிகள் பற்றிய முந்தைய இழையில் நெடுவழி ஐயா எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த இழையைப் பூட்டிவிட்டார்கள் என்பதால் இங்கே தனியாகக் கேட்கிறேன். அவர் எழுதியது இது: "பெண் பிள்ளைகள் இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும் என்பது அடக்குமுறை அல்ல, சுகாதாரம். இரட்டைச் சடை போட்டால் பேன் பரவாது. இது அறிவியல்."

எந்த அறிவியல் ஐயா? பேனுக்குச் சிறகு கிடையாது. அது பறக்காது, தாவவும் தாவாது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து போகும், அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகள் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து படம் பார்க்கும்போது ஒட்டுவது நெற்றியும் உச்சியும். பின்னால் தொங்குகிற சடை ஒன்றா இரண்டா என்று எண்ணிப் பார்த்துவிட்டா பேன் ஏறும்? ஒற்றைச் சடையோடு வரும் பிள்ளையை வாசலிலேயே நிறுத்துகிறீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒற்றைச் சடைக்கும் இரட்டைச் சடைக்கும் பேன் விஷயத்தில் என்ன வித்தியாசம்?

நெடுவழி:
அம்மா, நான் வகுப்பறையிலேயே தலை நரைத்தவன். எதையும் படித்துவிட்டு வந்து பேசவில்லை, பார்த்துவிட்டுப் பேசுகிறேன். முடியை அவிழ்த்துவிட்டு வரும் பிள்ளை திரும்பினால் அந்த முடி பக்கத்துப் பிள்ளையின் தோளில் விழும். இறுக்கிப் பின்னியிருந்தால் விழாது. நீண்ட முடியைக் கட்டி அனுப்புங்கள் என்று மருத்துவர்களே சொல்கிறார்கள். இதற்கு மேல் என்ன அறிவியல் வேண்டும்? எங்கள் காலத்தில் பெற்றோர் யாரும் இப்படிச் சண்டைக்கு வந்ததில்லை. விதியை மதிக்கப் பழக்காத வீடுகளில்தான் இந்தக் கேள்வியெல்லாம் வருகிறது.

செங்காந்தள்:
என் வீட்டை ஏன் இழுக்கிறீர்கள்? கேள்விக்குப் பதில் இல்லையென்றால் வளர்ப்பைப் பேசுவது உங்கள் பழைய வழக்கம், முந்தைய இழையிலும் அதைத்தான் செய்தீர்கள்.

மருத்துவர்கள் "கட்டுங்கள்" என்கிறார்கள். "இரண்டாகப் பிரித்து, பின்னி, பாதியில் மடித்து, காதுக்கு மேல் ரிப்பன் கட்டுங்கள்" என்று எந்த மருத்துவர் சொன்னார்? ஒற்றைச் சடையும் கட்டிய முடிதான். குதிரைவால் கூடக் கட்டிய முடிதான். பேன் விஷயத்தில் என்ன வித்தியாசம்?

பனித்துளி:
நான் மருத்துவத் துறையில் இருப்பவள் என்பதால் சொல்கிறேன். பேன் பறக்காது, தாவாது என்பது சரி. தலையை விட்டுக் கீழே விழுந்தால் குடிக்க ரத்தம் இல்லாமல் ஓரிரு நாளில் செத்துவிடும். ஈர் உச்சந்தோலை ஒட்டி முடியின் அடியில் பசை போட்டது போலப் பிடித்திருக்கும், அது தானாக இன்னொரு தலைக்குப் போகாது. சுத்தமான தலையிலும் பேன் வரும். ஈர் இருக்கிறது என்பதற்காக ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து தள்ளிவைக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது.

ஆனால் செங்காந்தள், நெடுவழி ஐயா சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று தள்ளவும் முடியாது. அவிழ்த்த முடியை விடக் கட்டிய முடியில் உரசல் கொஞ்சம் குறையும். அதோடு, தடுப்பூசி இழையில் நான் எழுதியதில் பாதியை மட்டும் வெட்டி உங்கள் வசதிக்கு மேற்கோள் காட்டினீர்கள். இந்தத் தடவையாவது முழுதாகக் காட்டுங்கள்.

நெடுவழி:
மருத்துவத் துறையே சொல்லிவிட்டது. இழையை முடித்துக்கொள்ளலாம்.

செங்காந்தள்:
முடித்துக்கொள்ள முடியாது. பனித்துளி சொன்னது "கட்டிய முடி". உங்கள் விதி சொல்வது "இரட்டைச் சடை". இரண்டும் ஒன்றில்லை ஐயா. ஒற்றைச் சடைக்கும் இரட்டைச் சடைக்கும் என்ன வித்தியாசம் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

பனித்துளி, தடுப்பூசி இழையில் உங்கள் பதிவு ஒரு முழம் நீளம். எனக்குத் தேவையான வரியை எடுத்தேன், அதில் என்ன குற்றம்?

தேர்ப்பாகன்:
பெண் பிள்ளைகளுக்காவது பின்னுவதற்கு முடி இருக்கிறது. ஆண் பிள்ளைகளின் காதைத் தொடும் முடிக்கும், சட்டைக் காலரைத் தொடும் முடிக்கும் வாசலில் நிற்க வைக்கிறார்களே, அதற்கு யாராவது ஒரு இழை தொடங்கினீர்களா? என் தம்பியை ஆசிரியர் ஒருவர் எல்லார் முன்னாலும் உச்சியில் கத்தரிக்கோலால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு, "மிச்சத்தை வீட்டில் போய் வெட்டிக்கொள்" என்று அனுப்பினார். அப்போது இந்தப் போராளிகள் எங்கே போனார்கள்?

மாடிப்படி:
தேர்ப்பாகன், அது அநியாயம்தான். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து எழுதுகிறேன். இதற்குள் கொண்டுவந்து கலக்காதீர்கள்.

நான் இப்போதும் வகுப்பெடுக்கும் ஆசிரியை. ஆய்வகத்தில் நெருப்பருகே நிற்கும்போதும் விளையாட்டு மைதானத்திலும் முடியைக் கட்டியிருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் காலை வணக்கத்தின் போது குறிப்பேட்டோடு வரிசையில் நடந்து யார் முடி எப்படி இருக்கிறது என்று எழுதுவது என் வேலையாகிவிட்டது. சுருட்டை முடிக்காரப் பிள்ளை ஒருத்தி இருக்கிறாள். அவள் அம்மா தண்ணீர் தொட்டுத் தொட்டுப் படிய வாரி, வகிடெடுத்து, இழுத்துப் பின்னித்தான் அனுப்புகிறார். முதல் பாடவேளை முடிவதற்குள் காதோரம் சின்னச் சின்னச் சுருள்களாக எழும்பிவிடும். சடை கட்டையானது, மடித்துக் கட்டினால் நிற்பதில்லை, துள்ளி வெளியே வந்துவிடும். ரிப்பன் நழுவிக் கழுத்தில் தொங்கும். "ஒழுங்கற்ற தலை" என்று நான் எழுத வேண்டும். எழுதும்போது அவள் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் செய்த தவறு என்ன?

நெடுவழி:
ஒரு பிள்ளைக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் சுருட்டை முடி என்பார்கள். சீருடையின் நோக்கமே ஒரே மாதிரி இருப்பது. யார் பணக்காரர், யார் ஏழை என்று தெரியக் கூடாது. ஆளுக்கொரு அலங்காரம் ஆரம்பித்தால் அங்கேதான் பொறாமை தொடங்கும்.

செங்காந்தள்:
இப்போது பேன் போய் பொறாமை வந்துவிட்டதா? சுகாதாரம் என்றீர்கள், அறிவியல் என்றீர்கள். சுருட்டை முடி என்றதும் சீருடைக்குத் தாவிவிட்டீர்கள்.

இது நம் பிள்ளைகள் மட்டும் படும் பாடும் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியா பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் 2016 ஆகஸ்டில் கறுப்பின மாணவிகள் இதற்காகத்தான் கொதித்து எழுந்தார்கள். பிறந்தபடி வளரும் முடியை "ஒழுங்காக இல்லை" என்று சொன்னால் எந்தப் பிள்ளை பொறுக்கும்? கடைசியில் மாகாணக் கல்வி அமைச்சர் தலையிட்டு அந்த விதியை நிறுத்திவைத்தார். அமெரிக்காவில் முடியின் இயல்பை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று கலிஃபோர்னியா 2019-இல் சட்டமே போட்டது. பிரிட்டனின் சமத்துவ ஆணையம் 2022 அக்டோபரில் பள்ளிகளுக்கு வழிகாட்டி கொடுத்து, சில முடி அலங்காரங்களுக்கு விலக்கே இல்லாமல் தடை போட்டால் அது சட்டவிரோதமாக வாய்ப்பு அதிகம் என்றது. ஜப்பானில் ஒசாகா மாணவி தன் முடி பிறவியிலேயே பழுப்பு என்று சொல்லியும் கருப்புச் சாயம் அடிக்க வைத்தார்கள். 2017-இல் வழக்குப் போட்டாள். 2021-இல் நீதிமன்றம் 3,30,000 யென் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நீதிமன்றமே சொன்ன பிறகும் விதி விதி என்கிறீர்களே!

நெடுவழி:
ஒசாகா தீர்ப்பை நீங்களே எடுத்துக்கொடுத்ததற்கு நன்றி அம்மா. அதே தீர்ப்பில் முடிச் சாய விதியும், அதைக் கடைப்பிடிக்கச் சொன்னதும் தவறில்லை என்றுதான் நீதிமன்றம் சொன்னது. அரைகுறையாகப் படித்தால் இப்படித்தான் ஆகும்.

பனித்துளி:
இதில் ஐயா சொல்வது சரி. இழப்பீடு கொடுக்கச் சொன்னது அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திய பிறகு அவள் இருக்கையை எடுத்ததற்கும், பெயரை வருகைப் பட்டியலிலிருந்து நீக்கியதற்கும்தான். செங்காந்தள், மறுபடியும் பாதியை மட்டும் வெட்டியிருக்கிறீர்கள்.

செங்காந்தள்:
நீங்கள் யார் பக்கம் பனித்துளி? ஒரு பிள்ளையின் மேசையையே தூக்கி வெளியே போடும் அளவுக்கு ஒரு பள்ளியைக் கொண்டுபோனது எது? அந்த முடி விதிதானே? அதற்கு அப்புறம் என்ன நடந்தது என்பதையும் சொல்லுங்கள். தோக்கியோவின் அரசு உயர்நிலைப் பள்ளிகள் 2022 ஏப்ரலில் தொடங்கிய கல்வியாண்டிலிருந்து முடியைக் கருப்பாக்கச் சொல்லும் விதியையே கைவிட்டன. விதி சரியென்றால் ஏன் கைவிட்டார்கள்?

ஐயா, ஜப்பானை விடுங்கள். ஜப்பான் நீதிமன்றம் பேனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. பேனைப் பற்றிச் சொன்னது நீங்கள். ஒற்றைச் சடை, இரட்டைச் சடை. என்ன வித்தியாசம்?

நெடுவழி:
இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு சடையும் மெல்லியதாக இருக்கும், சீப்பு உள்ளே நன்றாகப் போகும், தாய் தினமும் வகிடெடுக்கும்போது ஈர் கண்ணில் படும். மடித்துக் கட்டினால் நுனி ஆடாது. இது கூடப் புரியவில்லையா?

செங்காந்தள்:
ஒற்றைச் சடை பின்னும் தாய்க்குக் கண் தெரியாதா? ஈர் இருப்பது உச்சந்தோலை ஒட்டி என்று பனித்துளி மேலே எழுதியிருக்கிறார். நுனியை மடித்தால் அடியில் இருக்கும் ஈருக்கு என்ன ஆகும்?

பேன்தான் உண்மையான காரணம் என்றால் ஒட்ட வெட்டச் சொல்லலாமே. கானாவில் பல பள்ளிகளில் பெண்களும் ஒட்ட வெட்டித்தான் வர வேண்டும். தாய்லாந்தில் காதளவோடு வெட்டச் சொன்ன பள்ளிகள் உண்டு. அதையும் நான் ஏற்கவில்லை, அது வேறு கொடுமை. ஆனால் நீங்கள் முடி நீளமாகவும் இருக்க வேண்டும், இறுக்கிப் பின்னியும் இருக்க வேண்டும் என்கிறீர்கள். காதளவு வெட்டிக்கொண்டு வரும் பிள்ளையையும் "வளர்த்துப் பின்னிக்கொண்டு வா" என்று அனுப்புகிறீர்கள். பேனுக்குப் பயந்தவர்கள் செய்கிற வேலையா இது?

தேர்ப்பாகன்:
கானாவில் பெண்களுக்கு ஒட்ட வெட்டுவது "கொடுமை". இங்கே ஆண் பிள்ளைகளுக்கு ஒட்ட வெட்டினால் "தனி இழை தொடங்கு". நல்ல நியாயம்.

மாடிப்படி:
நான்தான் அதை அநியாயம் என்று எழுதினேனே! படிக்காமலே பதில் போடுகிறீர்கள். சீருடைக் கால்சட்டை இழையிலும் இப்படித்தான் நான் சொல்லாததை என் வாயில் திணித்தீர்கள்.

தேர்ப்பாகன்:
குறிப்பேடு எடுத்துக்கொண்டு போய் பிள்ளைகள் பெயரை எழுதுகிறவர் எனக்கு நியாயம் சொல்ல வேண்டாம் டீச்சர். எழுத மாட்டேன் என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறீர்களா?

மாடிப்படி:
என் வேலையைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? சொன்னால் அடுத்த நாள் என் இடத்தில் வேறு ஒருவர் வந்து இன்னும் கடுமையாக எழுதுவார். அந்தப் பிள்ளையின் பெயரை நான் எத்தனையோ காலை எழுதாமல் விட்டிருக்கிறேன், அதற்கு எனக்குத்தான் விளக்கம் கேட்டார்கள்.

பனித்துளி:
எல்லாரும் பேனிலேயே நிற்கிறீர்கள். தினமும் இறுக்கி இழுத்துப் பின்னினால் நெற்றியோரத்திலும் காதுக்கு மேலும் முடி மெலிந்து போகும். இழுவையால் வரும் சொட்டை என்று தோல் மருத்துவர்கள் நன்றாக அறிந்த விஷயம் இது. தொடக்கத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும், வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்தால் வேர் செத்துவிடும், அப்புறம் வராது. தலைவலி என்று வரும் பெண் பிள்ளைகளிடம் முதலில் சடையை அவிழ்த்துவிடச் சொல்வேன், சிலருக்கு அதிலேயே வலி குறைந்துவிடும். இதைப் பற்றி யாருக்கும் அக்கறை இல்லை.

நெடுவழி:
தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் சடை பின்னுகிறார்கள். எல்லாருக்கும் சொட்டையா விழுந்துவிட்டது? என் தாயாருக்குக் கடைசி வரை முழங்கால் நீள முடி.

செங்காந்தள்:
உங்கள் தாயார் தனக்குப் பிடித்தபடி பின்னியிருப்பார் ஐயா. வாசலில் யாரும் அளவெடுக்கவில்லை. வலித்தால் தளர்த்திக்கொண்டிருப்பார். என் மகளுக்கு அந்த உரிமை இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் பையைக் கூடக் கீழே வைக்காமல் முதலில் ரிப்பனைப் பிடித்து இழுக்கிறாள். வகிட்டின் இரண்டு பக்கமும் தோல் சிவந்து கிடக்கிறது. அதைப் பார்த்துவிட்டு நீங்கள் எழுதிய "இது அறிவியல்" என்ற வரியைப் படித்தால் எனக்கு எப்படி இருக்கும்? இன்னும் பதில் வரவில்லை. ஒற்றைச் சடையில் பரவும் பேன் இரட்டைச் சடையில் எப்படிப் பரவாமல் போகும்?

நெடுவழி:
"பரவாது" என்று நான் எங்கே சொன்னேன்? "பரவுவது குறையும்" என்றுதான் முதலிலிருந்தே சொல்கிறேன். வேண்டுமென்றால் பழைய இழையில் போய்ப் பாருங்கள்.

செங்காந்தள்:
போய்ப் பார்த்தேன். உங்கள் பதிவின் கீழே "திருத்தப்பட்டது" என்று இருக்கிறது. பூட்டிய இழையில் எப்படித் திருத்தினீர்கள்? மட்டுறுத்துநர் உங்கள் பழைய மாணவர் என்று நீங்களே பெருமையாக எழுதியிருந்தீர்கள். நான் மேலே மேற்கோள் காட்டியது நீங்கள் திருத்துவதற்கு முன்னால் இருந்த வரி. அதில் "பரவாது" என்றுதான் இருந்தது.

நெடுவழி:
எழுத்துப் பிழை திருத்தினேன். என் மாணவர்களைப் பற்றிப் பேச உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை.

பனித்துளி:
நான் முன்பு படித்தபோதும் "பரவாது" என்றுதான் இருந்தது.

தேர்ப்பாகன்:
நான் படித்தபோது "குறையும்" என்று இருந்தது.

செங்காந்தள்:
தேர்ப்பாகன், நீங்கள் எத்தனை மணிக்குப் படித்தீர்கள்?