கார் டிசைன் வேலையை விட்டுச் சிற்பம் செய்யப் போனவர்கள் உண்டா?

சேரன்மாதேவிக்காரன்:
என் தம்பி புனேயில் 11 வருஷமாகக் கார் டிசைனர். பொங்கலுக்கு வந்தவன் காருகுறிச்சியில் வேளார் வீட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்து, வேலையை விடப் போகிறேன், ஊரிலேயே மண்ணில் சிற்பம் செய்யப் போகிறேன் என்கிறான். அம்மா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. தான் வரைந்த ஹெட்லைட்டோடு ஒரு வண்டி போனதை ஜங்ஷனில் நின்று எனக்குக் காட்டியவன் அவன், அதனால்தான் எனக்கும் புரியவில்லை. இப்படிப் போய் நிலைத்தவர்கள் இருக்கிறார்களா?

வண்ணார்பேட்டை:
இருக்கிறார்கள் அண்ணாச்சி. கிறிஸ் பாங்கிள் என்று தேடிப் பாருங்கள். 1992 முதல் 2009 வரை பிஎம்டபிள்யூ டிசைனுக்கே தலைவர். 2001இல் வந்த 7 சீரிஸ் காரின் டிக்கி பிடிக்காமல், அவரை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து வேட்டையே நடந்தது. அப்புறம் இத்தாலியில் கிளவெசானா என்கிற சின்ன ஊரில் குடியேறி, 2010இல் தன் இடத்தில் ராட்சச சிவப்பு பெஞ்ச் ஒன்றைச் செய்து வைத்தார். ஏறி உட்கார்ந்தால் பெரிய ஆளுக்கும் கால் தரையில் எட்டாது, குழந்தை மாதிரிக் காலை ஆட்டிக்கொண்டு மலைச்சரிவைப் பார்க்கலாம். இப்போது அதே மாதிரி நூற்றுக்கணக்கான பெஞ்சுகள் வந்துவிட்டன. சிட் மீட் என்கிற டிசைனர் ஃபோர்டு கார் கம்பெனியில் இருந்ததே இரண்டு வருஷம்தான், 1961இல் வெளியே வந்து ஆயுசுக்கும் எதிர்கால நகரங்களை வரைந்தார்.

பழைய கிளே மாடலர்:
சென்னையில் 6 வருஷம் கார் மாடலைக் களியில் செய்கிற வேலை பார்த்தவன் நான். கார் மாடலுக்குப் போடுவது மெழுகும் எண்ணெயும் கலந்த களி. சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், காயவே காயாது, வளைவு பிடிக்கவில்லையா, சுரண்டி மறுபடி அப்பிக்கொள்ளலாம். குளத்து மண் அப்படி இல்லை. காயும்போது சுருங்கும், ஈரம் உள்ளே நின்றால் சூளையில் வெடிக்கும். தம்பிக்குக் கை பழகியிருக்கிறது, மண் பழகவில்லை. வேளாரிடம் ஒரு வருஷமாவது இருக்கட்டும்.

வேலையை விட்டுத்தான் ஆக வேண்டுமா என்றும் கேளுங்கள். பிரெஞ்சு கம்பெனி சிட்ரோயனின் 1934 டிராக்‌ஷன் அவாந்த், 1955 டிஎஸ் ஆகிய இரண்டு கார்களுக்கும் உருவம் கொடுத்த ஃபிளாமினியோ பெர்டோனி ஒரு சிற்பிதான், கடைசிவரை இரண்டையும் செய்தார். நான் கையில் சேமிப்பு இல்லாமல் விட்டேன், எட்டே மாசத்தில் வேறு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கடன் இருந்தால் முதலில் அதை அடைக்கட்டும்.

அப்புறம், அவனைக் கிருஷ்ணாபுரம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்தக் குறவன் சிலையின் நரம்பு, நகத்தில் வெளிச்சம் எப்படி ஓடுகிறது என்று பார்க்கட்டும். காரின் பக்கவாட்டிலும் நாங்கள் பார்ப்பது அதைத்தான்.

சேரன்மாதேவிக்காரன்:
எல்லாவற்றையும் அவனுக்கு வாசித்துக் காட்டினேன். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, அதனால் சம்பளமில்லாமல் ஆறு மாசம் லீவு கேட்கிறேன் என்றான். அம்மாவும் சரி என்றாள். காருகுறிச்சியில் வெளி ஆளுக்குக் கற்றுத் தருகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள், நானே போய்ப் பேசுகிறேன்.