கார் தெர்மோஸ்டாட்டுக்குத் தமிழில் 'வெப்பமதகு' சரிவருமா?

> 'வெப்பநிலை நிறுத்தி' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. இஸ்திரிப் பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் அது பொருந்தும். அங்கே வேலை மின்சாரத்தை விடுவதும் நிறுத்துவதும். காரில் இருப்பது வேறு. எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் ஒரு சின்ன வால்வு. உள்ளே மெழுகு. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலண்ட் சூடேறினால் மெழுகு உருகி விரிந்து தண்டைத் தள்ளும், வழி திறக்கும். ஆறினால் ஸ்பிரிங் மூடிவிடும். திறக்கும் சூடு பல கார்களில் 82 அல்லது 88 பாகை செல்சியஸ்; தகட்டிலேயே பொறித்திருப்பார்கள்.

சந்தேகம் இருப்பவர்கள் அடுப்பங்கரையிலேயே பார்க்கலாம். வால்வை நெம்பி இடுக்கில் நூலைக் கடிக்கவிட்டு, சட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். கொதி வருவதற்குச் சற்று முன்னால் வாய் திறந்து, நூலை விட்டுவிட்டு அடியில் விழும். இதைப் பார்த்தவர் யாரும் 'நிறுத்தி' என்று சொல்லமாட்டார். ஏரியில் தண்ணீர் விடும் மதகுதான் இது, தண்ணீர் மட்டத்துக்குப் பதில் சூடு.

'மதகு' என்றால் வினைச்சொல்லும் கூடவே வந்துவிடுகிறது: மதகு திறந்தது, அடைத்துக்கொண்டது, திறந்தே கிடக்கிறது. இந்தப் பாகம் பெரும்பாலும் பழுதாவதே இதில் கடைசி இரண்டு விதமாகத்தான். 'எஞ்சினை நிறுத்தி, வெப்பநிலை நிறுத்தியைக் கழற்றி' என்று ஒரு செய்முறைக் குறிப்பை எழுதிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

இங்கே மலேசியாவில் சில பட்டறைகளில் 'சூடான நாட்டுக்கு இது எதுக்கு' என்று கழற்றி வீசிவிடுவதும் உண்டு. மதகு இல்லாத காடியைப் பினாங்குப் பாலத்தில் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சூட்டு முள் கீழேயே கிடக்கும். எஞ்சின் இன்னும் சூடேறவில்லை என்று எண்ணிக்கொண்டு காரின் கணினி பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும்.

> இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மதகு தெரியாதே?

செபராங் பிறை வயல்பக்கம் போனவர்களுக்கு வாய்க்காலில் தண்ணீரை அடைக்கும் பலகையாவது தெரியும். மற்றவர்கள் பள்ளியில் 'மகிழுந்து' படித்த மாதிரி இதையும் படித்துக்கொள்வார்கள். சில எஞ்சின்களில் இது ரேடியேட்டரிலிருந்து ஆறிய நீர் உள்ளே வரும் பக்கம் இருக்கும். அப்போதும் மதகு மதகுதான்.

'கேஸ்கட்' (மூட்டில் கசியாமலிருக்க வைக்கும் வளையம்) என்ற சொல்லை மட்டும் மாற்றவேண்டாம். தமிழாக்கினால் கடையில் கேட்டு வாங்க முடியாது. அதே காரணத்துக்காகக் குறிப்பின் முதல் வரியில் 'தெர்மோஸ்டாட் எனும் வெப்பமதகு' என்று ஒருமுறை எழுதிவிடலாம்.

அப்புறம், அதன் விளிம்பில் ஆடிக்கொண்டிருக்கும் குட்டி ஊசி. சிக்கிய காற்று வெளியேற, பெரும்பாலும் அது மேல்பக்கம் வரும்படி பொருத்தவேண்டும். அதற்கும் பெயர் இல்லை. 'ஆட்டூசி' என்று ஒருவர் எழுதியிருந்தார்; எனக்குக் கால்நடை மருத்துவர்தான் கண்முன் வருகிறார். 'காற்றூசி' எப்படி?