புதுப்பிப்பு: அக்ரோபோரா பவளங்கள் திடீரென வெளுத்தது ஏன்?

என் உப்புநீர்த் தொட்டியில் அக்ரோபோரா பவளங்கள் அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளைக் குச்சிகளாக நின்றதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். காரணம் கிடைத்துவிட்டது.

பலரும் சொன்னபடி முதலில் ஆல்கலினிட்டியைத்தான், அதாவது நீர் அமிலத்தைத் தாங்கும் திறனைத்தான், சந்தேகித்தேன். காலை, இரவு இரண்டு வேளையும் அளந்ததில் 8 டிகேஎச்-ஐ (அதை அளக்கும் அலகு) விட்டு நகரவில்லை. கால்சியம் லிட்டருக்கு 420 மில்லிகிராம், வெப்பம் 26 டிகிரி, உப்பும் சரி. ஆனால் மீன்கள் ஜோராக நீந்த, நத்தைகள் மட்டும் கவிழ்ந்து கிடந்ததுதான் உறுத்தியது. செம்பு மீன்களை விட முதுகெலும்பில்லாத உயிர்களைத்தான் முதலில் தாக்கும். நீரில் கரைந்த உலோகங்களை ஆய்வகத்தில் அளந்து சொல்லும் ஐசிபி சோதனைக்கு நீர் அனுப்பினேன். செம்பும் நிக்கலும் ஏறியிருந்தன.

அப்புறம் ஒவ்வொரு கருவியாக வெளியே எடுத்துப் பார்த்ததில், அலை பம்பின் காந்த உறை விரிசல் விட்டு, உள்ளே காந்தம் துருப்பிடித்து உப்பியிருந்தது. இந்த நியோடிமியம் காந்தங்களுக்கு வழக்கமாக நிக்கல், செம்பு, மறுபடி நிக்கல் என்று பூச்சு இருக்கும். உப்புநீர் உள்ளே போனால் அது அரித்துக் கரையும். பம்பு என்னவோ சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டுதான் இருந்தது!

பம்பைத் தூக்கிவிட்டு, உலோகம் உறிஞ்சும் ரெசினும் கார்பனும் போட்டேன். பாதி நீரை ஒரே தடவையில் மாற்றும் யோசனை எனக்கு ஒப்பவில்லை. நொந்துபோன பவளத்துக்கு அது இன்னோர் அதிர்ச்சி. வெப்பமும் உப்பும் பொருத்திய ஆர்ஓ நீரில் கொஞ்சம் கொஞ்சமாகவே மாற்றினேன்.

உரிதல் நின்றிருக்கிறது. பெரிய அக்ரோபோரா போயே போச்சு. வெட்டி ஒட்டிய நுனிகள் பிழைத்திருக்கின்றன. அடுத்த ஐசிபி முடிவு வரும்வரை புதுப் பவளம் வாங்கப்போவதில்லை.