டவர் இல்லாத ஓடுபாதையில் பயிற்சிப் பையன்களை இறங்க விடலாமா?

பொங்கோல்_குமார்:
அக்கா மகன் விமானிப் பயிற்சிக்காக ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போயிருக்கிறான். அங்கே ஜண்டகோட் விமான நிலையத்தில் டவர் (விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டுக் கோபுரம்) இருக்கிறது, சரி. ஆனால் அங்கிருந்து தனியாகக் கிளம்பி நார்த்தம் மாதிரிச் சின்ன ஓடுபாதைகளில் இறங்கிவிட்டு வரச் சொல்கிறார்களாம். அங்கே டவரே கிடையாது. ஒரே அலைவரிசையில் "நான் இங்கே வருகிறேன்" என்று அவரவரே சொல்லிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். சிங்கப்பூரில் டவர் உள்ள சாங்கி, சிலேத்தார் விமான நிலையங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்குகிறது. பயிற்சி மாணவர்களுக்காவது இதைத் தடை செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

வால்காற்று:
அண்ணே, தடை போட்டால் பையன் எங்கே போய்ப் பழகுவான்? அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டு விமான நிலையங்கள் ஏறக்குறைய 5,000. டவர் இருப்பது சுமார் 500-இல்தான். நாளைக்கு நாலு விமானம் வந்துபோகும் இடத்தில் சம்பளத்துக்கு ஆள் போட்டு டவர் நடத்த யாருக்குக் கட்டுப்படியாகும்?
அங்கே ஒழுங்கே இல்லை என்று நினைக்காதீர்கள். சுமார் 10 மைல் தொலைவிலேயே முதல் அறிவிப்பு. ஊர்ப் பெயர், விமானம், இருக்கும் இடம், உயரம், என்ன செய்யப் போகிறேன், கடைசியில் மறுபடியும் ஊர்ப் பெயர். அந்த அலைவரிசையைப் பக்கத்து ஊர்களும் பயன்படுத்துவதால்தான் பெயரை இரண்டு தடவை சொல்கிறோம். அப்புறம் ஓடுபாதையைச் சுற்றிச் செவ்வகமாக ஒரு சுற்று. எல்லாரும் அதே சுற்றில் வந்தால் யாரை எங்கே தேடுவது என்று தெரியும்.

பொங்கோல்_குமார்:
எல்லாரும் அதே சுற்றில் வந்தால்! கலிஃபோர்னியாவில் வாட்சன்வில், 2022 ஆகஸ்ட் 18. சின்ன செஸ்னா 152 ஒழுங்காகச் சுற்றில் வந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 சுற்றுக்கே வராமல் நேராக இறங்க வந்தது, அதுவும் 180 நாட் (மணிக்குச் சுமார் 330 கி.மீ.) வேகத்தில். இரண்டுமே வானொலியில் அறிவித்தன. பின்னால் வருபவர் வேகமாக நெருங்குகிறார் என்று 152 விமானி சொல்லவும் செய்தார். மூன்று பேர் போய்விட்டார்கள். ஒழுங்காக வந்தவருக்கு உங்கள் ஒழுங்கு என்ன செய்தது?

வால்காற்று:
அந்த வேகம் 340 விமானியின் தப்பு. டவர் இருந்தால் மட்டும் மோதாதா? 2025 ஜனவரி 29 வாஷிங்டனில் பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதியதை மறந்துவிட்டீர்களா? டவரில் ஆள் இருந்தார், ஹெலிகாப்டரோடு பேசிக்கொண்டும் இருந்தார். 67 பேர் இறந்தார்கள்.

செம்பவாங்_சாந்தி:
தம்பி வால்காற்று, குடைக்குள்ளும் நனைந்தவர் உண்டு என்பதற்காகக் குடையே வேண்டாம் என்பீர்களா? நான் விமான மின்னணுப் பராமரிப்பில் இருக்கிறேன். இதில் எனக்கு உறுத்துவது வானொலிதான். குயின்சி, இலினாய், 1996 நவம்பர் 19. இறங்கப் போகும் பயணிகள் விமானம், இன்னொரு ஓடுபாதையின் முனையில் நின்ற கிங் ஏர் என்ற சிறு விமானத்தைப் பார்த்து "நிற்கிறீர்களா, கிளம்புகிறீர்களா" என்று கேட்டது. பதில் சொன்னது அதன் பின்னால் நின்ற செரோக்கி என்ற இன்னொரு சிறு விமானம். அந்தப் பதிலின் நடுவே காக்பிட்டில் தரை நெருக்க எச்சரிக்கை ஒலித்து வார்த்தைகளை விழுங்கிவிட்டது. கிங் ஏர்தான் நிற்பதாகச் சொல்கிறது என்று நினைத்து இறங்கினார்கள். கிங் ஏரோ குறுக்கு ஓடுபாதையில் ஓட ஆரம்பித்திருந்தது. 14 பேர். மோதலில் தப்பியிருக்கக் கூடியவர்கள்கூடக் கதவைத் திறக்க முடியாமல் புகையில் போனார்கள்.
கேட்டார்கள், பதிலும் வந்தது. அப்படியும் நடந்தது.

வால்காற்று:
அது 1996, அக்கா. இப்போது ஏடிஎஸ்-பி (விமானம் தன் இடத்தைத் தானே மற்றவர்களுக்கு அனுப்பும் கருவி) இருக்கிறது.

செம்பவாங்_சாந்தி:
எல்லா விமானத்திலும் இருக்கிறதா? நம் விமானத்தின் இடத்தை அனுப்புவது வேறு, மற்றவர் அனுப்புவதை வாங்கித் திரையில் காட்டுவது வேறு. முதலாவதை மட்டும் மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்பவர்களைத் தினம் பார்க்கிறேன்.
ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்து மங்களூரைப் பாருங்கள் (கர்நாடகா இல்லை). 2020 பிப்ரவரியில் இரண்டு பயிற்சி விமானங்கள் மோதி நாலு பேர் இறந்தார்கள். "எதிரே ஒருவர் வருகிறார்" என்று தொலைவிலிருந்த விமானக் கட்டுப்பாட்டாளர் இரண்டு பேருக்கும் சொல்லியிருந்தார். ஆனால் அவர்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் பேசி யார் விலகுவது என்று முடிவு செய்யவில்லை. திரை இருந்திருந்தால் ஆபத்து கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

வால்காற்று:
திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் வெளியே யார் பார்ப்பது? திரையில் தெரியாத பழைய விமானம்தான் வந்து இடிக்கும். இறக்கை மேலே உள்ள விமானத்தில் மேற்பக்கம் மறையும், கீழே உள்ளதில் கீழ்ப்பக்கம் மறையும். அதனால்தான் தலையைத் திருப்பு, இறக்கையைச் சாய்த்துப் பார் என்று ஆசிரியர் கத்திக்கொண்டே இருப்பார்.

பொங்கோல்_குமார்:
நீங்கள் இரண்டு பேரும் சொல்வதைக் கேட்டால் பயம் இன்னும் கூடுகிறது, லா! நடுவழி கிடையாதா? ஸ்வீடனில் 2015-லேயே ஓர்ன்ஷோல்ட்ஸ்விக் விமான நிலையத்தை வேறு ஊரில் உட்கார்ந்து கேமரா வழியே கவனிக்க ஆரம்பித்துவிட்டார்களே.

செம்பவாங்_சாந்தி:
அது பயணிகள் விமானம் வரும் ஊர், குமார். ஆஸ்திரேலியாவில் பாலினாவிலும் நெரிசல் கூடிய பிறகு, தொலைவிலிருந்து திரையில் பார்த்து "இன்னார் இங்கே வருகிறார்" என்று தகவல் மட்டும் சொல்லும் சேவை வைத்தார்கள். நார்த்தத்துக்கு அந்தச் செலவை யாரும் செய்ய மாட்டார்கள். பள்ளியிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: பயிற்சி விமானத்தில் ஏடிஎஸ்-பி அனுப்பவும் வாங்கவும் இரண்டுக்கும் வசதி இருக்கிறதா? ஒரே நேரத்தில் எத்தனை மாணவர்களை ஒரே ஓடுபாதைக்கு அனுப்புகிறார்கள்?

வால்காற்று:
இரண்டாவது நல்ல கேள்வி. அதை முதலில் கேளுங்கள் அண்ணே. ஆனால் தடைக்கு நான் வர மாட்டேன்.

பொங்கோல்_குமார்:
கேட்கிறேன். சரியான பதில் வராவிட்டால் தடை என்ற என் கட்சி அப்படியே இருக்கும்.